ஆயா வேலைக்கு எதுக்கு டிகிரி?

செமஸ்டர் ரிசல்ட் வந்தாச்சா? 'அரியர் இல்லாத மனுஷன் அரை மனுஷன்' கேஸா நீங்க? பரவாயில்லை, அதை அப்புறம் பார்த்துக்கலாம். இந்த வாரம் ஒரு கடிதத்தோட வந்திருக்கேன்.

கோவைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார், போடலை. 'நான் பி.எஸ்ஸி. ஹோம் சயின்ஸ் இரண்டாம் ஆண்டு. குழந்தை வளர்ச்சி பாடம்னா எனக்கு உயிர். படிச்சு முடிச்சதும் ஒரு நல்ல டே கேர் ஆரம்பிக்கணும்னு கனவு. அதை ஹாஸ்டல்ல சொல்லித் தொலைச்சுட்டேன். "மூணு வருஷம் படிச்சுட்டு ஆயா வேலைக்கா போகப்போற? அதுக்கு எதுக்குடி டிகிரி?"ன்னு ஒரே சிரிப்பு. வீட்டுல அப்பாவும் அதையேதான் சொல்றார், என்ன... கொஞ்சம் மரியாதையா சொல்றார். நான் என்ன செய்யட்டும்?'

தோழி, உங்களுக்கு பதில் கடைசியில். முதல்ல அந்தச் சிரிச்ச கோஷ்டியோட எனக்குக் கொஞ்சம் கணக்கு இருக்கு. ஏன்னா ஒரு காலத்துல நானும் அந்த கோஷ்டிதான்!

ஒரு சின்ன சமாச்சாரம் சொல்றேன், கேளுங்க. தமிழ்நாட்டில் பஸ் கண்டக்டர் லைசென்ஸ் வாங்கணும்னா முதலுதவிச் சான்றிதழ் கேட்பாங்க. டிக்கெட் கிழிக்கிறதுக்கு எதுக்கு முதலுதவின்னு யாரும் சிரிக்கிறதில்லை. நாற்பது பேர் அவரை நம்பி ஏறுகிறார்கள், நடுவழியில் ஒருத்தர் மயங்கி விழுந்தால் பக்கத்தில் இருப்பது அவர்தான். நியாயமான கேள்வி. சரி, காலை எட்டரைக்குக் கொண்டுவிட்டு சாயங்காலம் ஆறரைக்குத் தூக்கிட்டு வர்றோமே ஒரு ஒண்ணரை வயசுக் குழந்தை... அந்தப் பத்து மணி நேரமும் அதைப் பார்த்துக்கிற அம்மாகிட்ட நாம என்ன கேட்கிறோம்? 'மாசம் எவ்வளவு? ஸ்நாக்ஸ் நீங்களே குடுப்பீங்களா? ஏ.சி. இருக்கா?' அவ்வளவுதான். கண்டக்டருக்கு இருக்கிற கண்டிஷன்கூட அங்கே கிடையாது.

இப்போ என் கதை. இருபது வருஷத்துக்கு முன்னால், சென்னைக்குத் தெற்கே ஒரு புறநகர். நான் பி.ஏ. இரண்டாம் வருஷம். மே மாச லீவில் பாக்கெட் மணிக்கு வழி தேடிக்கிட்டிருந்தப்போ, ரெண்டு தெரு தள்ளி ஒரு வீட்டு மாடியில டே கேர் நடத்துற ஆன்ட்டி 'அரை நாள் வர்றியா?'ன்னு கேட்டாங்க. இன்டர்வியூ நடந்தது. மொத்தம் ஒரே கேள்வி.

'குழந்தைங்கன்னா பிடிக்குமா?'

'ரொம்பப் பிடிக்கும் ஆன்ட்டி!'

செலக்டட்! சம்பளம் 800 ரூபாய். பதினோரு குழந்தைகள். ஆன்ட்டி, நான், அப்புறம் ஓர் ஆயாம்மா. அந்த ஆயாம்மா காலை எட்டு மணிக்கு வந்து கடைசிக் குழந்தை போகிற வரைக்கும் இருப்பாங்க. அவங்க சம்பளம் 700. ஆமா, சரியாத்தான் படிச்சீங்க. அரை நாள் வர்ற எனக்கு நூறு ரூபாய் அதிகம். காரணம், நான் 'காலேஜ் பொண்ணு', இங்கிலீஷ் ரைம்ஸ் சொல்வேன்!

மூணாவது வாரம். பதினொரு மணி ஸ்நாக்ஸ் டைம். யாரோ ஒரு அம்மா டப்பாவில் பச்சைத் திராட்சை கொடுத்துவிட்டிருந்தாங்க. முழுசு முழுசா. நான்தான் கிண்ணத்தில் போட்டு எல்லாக் குழந்தைகளுக்கும் பிரிச்சுக் கொடுத்தேன். ரெண்டு நிமிஷம் இருக்கும். பதினாலு மாசக் குழந்தை ஒண்ணு வாயைத் திறந்தபடி என்னையே பார்த்துக்கிட்டிருந்தது. அழலை. இருமலை. ஒரு சத்தமும் இல்லை. எனக்கு அது விளையாட்டுக் காட்டுதுன்னுதான் தோணுச்சு. சிரிச்சேன்கூட. அப்புறம்தான் உதடு நிறம் மாறுவதைப் பார்த்தேன்.

மூச்சு அடைச்சா சத்தம் வரும்னு நாம நினைக்கிறோம். முழுசா அடைச்சா சத்தமே வராது. அன்னிக்கு எனக்கு அது தெரியாது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அலறிக்கிட்டே குழந்தையோட வாய்க்குள்ள விரலை விடப் போனேன். ஆயாம்மா என் கையைத் தட்டிவிட்ட வேகத்தில் வளையல் உடைஞ்சுது. குழந்தையைப் பிடுங்கினாங்க, தரையில் உட்கார்ந்தாங்க, தொடைமேல் குப்புறப் போட்டாங்க, தலை கீழே தாழ்ந்திருக்கிற மாதிரி. தாடையை ஒரு கையால் தாங்கிக்கிட்டு, இன்னொரு உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ரெண்டு தோள்பட்டைக்கும் நடுவில் ஒரு போடு. ரெண்டு. மூணு. திராட்சை தெறிச்சு விழுந்தது. அதுக்கப்புறம் வந்த அழுகைச் சத்தம் மாதிரி இனிமையான ஒண்ணை என் ஆயுசுல நான் கேட்டதில்லை.

கை நடுக்கம் நின்னப்புறம் கேட்டேன், 'எங்கே ஆயாம்மா கத்துக்கிட்டீங்க?' 'கல்யாணத்துக்கு முன்னாடி ஊருல பால்வாடியில இருந்தேன் பாப்பா. அங்க ட்ரெய்னிங் போட்டாங்க. ஒரு நர்சம்மா தலகாணிய வெச்சு செஞ்சு காமிச்சாங்க. வாய்க்குள்ள மட்டும் கைய விடாதீங்கடி, உள்ள போயிரும்னு அடிச்சு அடிச்சு சொன்னாங்க.' அப்புறம் மெதுவா சேர்த்தாங்க: 'திராட்சைய நாலா நறுக்கித்தான் குடுக்கணும் பாப்பா.'

எட்டாவது படித்த அந்த அம்மாவுக்குத் தெரிந்தது, பி.ஏ. படிச்ச எனக்குத் தெரியலை. என்கிட்ட அன்பு நிறைய இருந்தது, அவங்ககிட்ட பயிற்சி இருந்தது. அன்னிக்கு அந்தக் குழந்தையைக் காப்பாத்தினது என்னோட அன்பு இல்லை!

'எங்க பாட்டி பத்துப் பிள்ளை பெத்து வளர்த்தா, அவ என்ன கோர்ஸா படிச்சா?' உங்களில் பாதிப் பேர் இப்போ இதைக் கேட்பீங்கன்னு தெரியும். நல்ல கேள்விதான். ஆனா பாட்டி வளர்த்தது தன் பிள்ளையை. கூட ஓரகத்தி, நாத்தனார், பக்கத்து வீட்டு அத்தைன்னு ஒரு பட்டாளமே இருந்தது. ஒண்ணு அழும்போது இன்னொண்ணைத் தூக்க வேற ஒரு இடுப்பு இருந்தது. டே கேர்ல இருக்கிறவங்க ஒரே வயசில் எட்டுக் குழந்தைகளை, அதுவும் அடுத்தவங்க குழந்தைகளை, தனியாப் பார்க்கிறாங்க. ரெண்டும் ஒண்ணில்லையே! (பாட்டி காலத்தில் பெற்ற பத்தும் பிழைச்சதான்னு உங்க பாட்டியையே கேளுங்க. எங்க பாட்டி எண்ணிக்கை சொல்லும்போது ரெண்டு இடத்தில் நிறுத்துவாங்க.)

இன்னொரு வேடிக்கை. 'பயிற்சி வேணும்'கிறது ஏதோ வெளிநாட்டு ஃபேஷன் இல்லை. நம்ம சட்டத்திலேயே எழுதி வெச்சு எழுபது வருஷத்துக்கு மேல் ஆச்சு. 1948-ஆம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டம், 48-வது பிரிவு. பெண்கள் இத்தனை பேருக்கு மேல் வேலை பார்க்கிற தொழிற்சாலையில் ஆறு வயசுக்குட்பட்ட அவங்க குழந்தைகளுக்கு ஓர் அறை வேணும். முதலில் 50 பெண்கள்னு இருந்த கணக்கு, 1976-இல் 30 ஆனது. அந்த அறையின் பொறுப்பு யாரிடம்? குழந்தைகளையும் கைக்குழந்தைகளையும் பராமரிப்பதில் 'பயிற்சி பெற்ற' பெண்களிடம். 1951-இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது, அதிலும் அதே வரி. 1966-இல் பீடித் தொழிலாளர் சட்டம், அதே வரி. 1996-இல் கட்டடத் தொழிலாளர் சட்டம், அதே வரி. முன் பெஞ்சைப் பார்த்துக் காப்பியடிச்ச மாதிரி வரிசையா அதே 'பயிற்சி பெற்ற'. எத்தனை நாள் பயிற்சி, யார் கொடுக்கிற பயிற்சி, பாஸா ஃபெயிலான்னு யார் பார்ப்பாங்க? அந்த வரியில் அதெல்லாம் கிடையாது. 2005-இல் வந்த நூறு நாள் வேலைச் சட்டத்தில் நிலைமை இன்னும் சுலபம். வேலையிடத்தில் அஞ்சு சின்னக் குழந்தைகள் சேர்ந்துட்டா, வேலைக்கு வந்த பெண்களில் ஒருத்தரையே குழந்தை பார்க்க உட்கார வைக்கலாம், அவருக்கும் அதே கூலின்னு இருந்தது. மண்ணு தூக்க முடியாத ஒரு வயசானவங்களைக் காட்டி 'நீ போய் புள்ளைங்கள பாரு'ம்பாங்க. மண்ணு தூக்க முடியாத கை, ஓடுற குழந்தையைத் தூக்குமா?

தேயிலைத் தோட்டத்தை மட்டும் ஒரு நிமிஷம் நின்னு பார்க்கணும். கொழுந்து பறிக்கப் போற அம்மா, குழந்தையை விட்டுட்டுப் போற இடத்துக்கு இலங்கை மலையகத்தில் 'பிள்ளைக் காம்பரா'ன்னு பேரு. டே கேர்ங்கிற வார்த்தையை ஐ.டி. கம்பெனிக்காரங்க கண்டுபிடிச்சதா நினைக்கிறவங்களுக்கு இந்தத் தகவல். ஏழைப் பெண்கள் எப்பவும் வேலைக்குப் போயிருக்காங்க, அவங்க குழந்தைகள் எப்பவும் எங்கேயோ இருந்திருக்கு. 1969-இல் டெல்லியில் மீரா மகாதேவன் ஆரம்பிச்ச 'மொபைல் க்ரெஷஸ்' அமைப்புகூட கட்டட வேலை நடக்கிற இடத்தில், ஒரு கூடாரத்தில் தொடங்கினதுதான். மண்மேட்டில் கிடந்த கைக்குழந்தைகளைப் பார்த்துட்டு ஆரம்பிச்சாங்க. கொஞ்ச நாளிலேயே, வெறும் பாசத்தோட வர்றவங்களை வெச்சு இதை நடத்த முடியாதுன்னு புரிஞ்சு, தங்கள் பணியாளர்களுக்குத் தாங்களே பயிற்சி கொடுத்தாங்க.

அந்தப் பழைய சட்டங்கள்தான் 2019, 2020-இல் நாலு தொகுப்பாச் சுருங்கி, 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்திருக்கு. உங்களுக்கு நேரடியாச் சம்பந்தப்பட்டது இதுதான்: 50 பேர் வேலை பார்க்கிற நிறுவனத்தில் குழந்தைகள் காப்பக வசதி இருக்கணும், அம்மா ஒரு நாளைக்கு நாலு தடவை போய்ப் பார்த்துட்டு வரலாம். 2017 மகப்பேறு சட்டத் திருத்தத்தில் வந்த இது, புதுத் தொகுப்பிலும் தொடருது. மகப்பேறு லீவு 26 வாரம். கணக்குப் போடுங்க. லீவு முடியும்போது குழந்தைக்கு ஆறு மாசம்கூட முழுசா ஆகியிருக்காது. உட்காரத் தெரியாது, பசின்னு சொல்லத் தெரியாது. அதைத் தூக்கி யார் கையில் கொடுக்கிறோம்?

இதுக்காக 2018-இல் மத்திய பெண்கள் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. மூணு வயசுக்குக் கீழே இருந்தா 10 குழந்தைக்கு ஒரு பயிற்சி பெற்ற பணியாளர், ஓர் உதவியாளர். மூணுக்கு மேலே 20 குழந்தைக்கு அதே ரெண்டு பேர். இங்கிலாந்தில் ரெண்டு வயசுக்குக் கீழே மூணு குழந்தைக்கு ஒருத்தர். கூடவே, குழந்தைகளுக்கான முதலுதவிச் சான்றிதழ் வைத்திருக்கும் ஒருவராவது எந்த நேரமும் அந்தக் கட்டடத்தில் இருந்தே ஆகணும். ஜப்பானில் இந்த வேலைக்குத் தேசிய அளவில் லைசென்ஸே உண்டு, எழுத்துத் தேர்வு, செய்முறைத் தேர்வுன்னு. செய்முறையில் மொழிப் பிரிவை எடுத்தால், மூணு வயசுக் குழந்தைகள் எதிரே இருப்பதா நினைச்சுக்கிட்டு, புத்தகம் இல்லாமல் மூணு நிமிஷம் கதை சொல்லணும். வைவாவுக்கே நாக்கு ஒட்டிக்கிற நமக்கு இது எவ்வளவு கஷ்டம்னு புரியும்!

சரி, அப்படி என்னதான் இருக்கு படிக்க? வாசகியோட அப்பாவுக்கும் சேர்த்துச் சொல்றேன்.

முதல் விஷயம் உயிரோட இருக்க வைக்கிறது. கைக்குழந்தையை மல்லாக்கப் படுக்க வைக்கணும், முகத்துக்கிட்ட தலையணை, துணி, பொம்மை கூடாது. ஒரு குழந்தைக்கு டயப்பர் மாத்தின கையைச் சோப்புப் போட்டுக் கழுவாம இன்னொரு குழந்தைக்குச் சோறு ஊட்டினா, ஒரு வாரத்தில் மொத்த டே கேருக்கும் வயித்துப்போக்கு. வயித்துப்போக்கு வந்தா ஓ.ஆர்.எஸ். எப்படிக் கலக்கணும், எப்போ ஆஸ்பத்திரிக்கு ஓடணும். மூச்சு அடைச்சா என்ன செய்யணும். ஒரு வயசுக்குக் கீழேன்னா முதுகில் அஞ்சு தட்டு, திருப்பிப் போட்டு நெஞ்சின் நடுவில் அஞ்சு அழுத்து, மறுபடி முதல்லேர்ந்து. சினிமாவில் காட்டுற மாதிரி பின்னால் நின்னு வயித்தை அமுக்குறது அந்த வயசுக்குக் கூடவே கூடாது. இதெல்லாம் படிச்சா போதாது, பொம்மையில் செஞ்சு பழகணும். பதற்றத்தில் மூளை மறந்தாலும் கை ஞாபகம் வெச்சுக்கும், அந்த ஆயாம்மா கை மாதிரி.

ரெண்டாவது, அழுகை. எட்டு, ஒன்பது மாசத்திலிருந்து குழந்தைக்கு அம்மா பிரிஞ்சு போறது புரியும், பயம் வரும். புது டே கேர் வாசலில் நடக்கிற கூத்தைப் பார்த்திருப்பீங்க. குழந்தை பொம்மையில் மயங்கினதும் அம்மா நைசா நழுவிடுவாங்க. 'அம்மா கடைக்குப் போயிருக்கா, இதோ வந்துடுவா'ன்னு ஆன்ட்டி சமாளிப்பாங்க. ரெண்டுமே தப்பு. நழுவினா, இனிமே ஒரு செகண்ட் திரும்பினாலும் அம்மா காணாமப் போயிடுவாங்கன்னு குழந்தை கத்துக்கும். பயிற்சி எடுத்தவங்க என்ன செய்வாங்க? முதல் நாள் அம்மாவும் கூட உட்காரணும்பாங்க. அடுத்த நாள் அரை மணி நேரம் பிரிவு, அப்புறம் ரெண்டு மணி நேரம். டாட்டா சொல்லிட்டுத்தான் போகணும். 'இதோ வந்துடுவா'ங்கிற பொய் கிடையாது. 'சாயங்காலம் பால் குடிச்சு முடிச்சதும் அம்மா வருவாங்க'ன்னு சொல்வாங்க. குழந்தைக்குக் கடிகாரம் தெரியாது, பால் டம்ளர் தெரியும்!

மூணாவதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஹங்கேரியில் எம்மி பிக்லர்னு ஒரு குழந்தை மருத்துவர். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், 1946-இல் புடாபெஸ்டில் பெற்றோர் இல்லாத கைக்குழந்தைகளுக்கு ஓர் இல்லம் தொடங்கினார். அங்கே வேலைக்கு வந்த பெண்களுக்கு அவர் சொல்லிக் கொடுத்தது, குழந்தைக்குச் சட்டை போடறது எப்படின்னு. சிரிக்காதீங்க. கையைப் பிடிச்சு இழுத்து ஸ்லீவுக்குள்ள திணிக்கக் கூடாது. சட்டையைக் காட்டி, 'கையைக் குடு'ன்னு கேட்டுட்டு, அது நீட்டுற வரைக்கும் காத்திருக்கணும். மூணு மாசக் குழந்தைக்கு என்ன புரியும்? முதல் நாள் ஒண்ணும் புரியாது. ஆனா தினம் அதே குரல், அதே வார்த்தை, அதே நிதானம்னா ஒருநாள் அது தானே கையைத் தூக்கும். பேச்சு அங்கேதான் தொடங்குது. எட்டுக் குழந்தையை வரிசையாப் படுக்கப்போட்டு டி.வி.யைப் பார்த்துக்கிட்டே டயப்பர் மாத்துறவங்களுக்கும் இவங்களுக்கும் என்ன வித்தியாசம்னு இப்போ புரியுதா?

நம்ம சென்னைக்கும் இதில் ஒரு பெருமை உண்டு. மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-இல் அடையாறு தியசாபிகல் சொசைட்டி அழைப்பில் வந்து, கிட்டத்தட்ட 300 பேருக்குப் பயிற்சி வகுப்பு நடத்தினார். உலகப் போர் வந்து மாட்டிக்கொண்டதில் 1946 வரைக்கும் இந்தியாவிலேயே இருந்து, கொடைக்கானலிலும் வேலை செய்து, இன்னும் பல நூறு பேரை உருவாக்கினார். அதே மாண்டிசோரி பேரை இன்னிக்கு யார் வேணும்னாலும் போர்டில் எழுதிக்கலாம், தடுக்க ஆளில்லை. 'மூணு மாசத்தில் மாண்டிசோரி டீச்சர், சர்டிஃபிகேட் உறுதி'ன்னு மின்கம்பத்தில் தொங்குற நோட்டீஸை நம்பி அக்கவுன்ட்டில் பணம் போட்டுடாதீங்க. கட்டுறதுக்கு முன்னால் ரெண்டே கேள்வி: சர்டிஃபிகேட் யார் கொடுக்கிறது? நிஜக் குழந்தைகளோட எத்தனை நாள் பயிற்சி? ரெண்டாவதுக்கு பதில் மழுப்பினா எழுந்து வந்துடுங்க.

உருப்படியான வழிகள் இருக்கு. இக்னோவில் குழந்தைப் பருவ ஆரம்பப் பராமரிப்பு, கல்வி பற்றி ஒரு வருஷ டிப்ளமோ இருக்கு, பிளஸ் டூ போதும். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் அங்கீகரிக்கிற ரெண்டு வருஷ முன்பருவக் கல்வி டிப்ளமோ இருக்கு. ஹோம் சயின்ஸில் மனித மேம்பாடு எடுத்துப் படிக்கலாம். கோவை அவினாசிலிங்கத்தில் 1957-இலிருந்தே ஹோம் சயின்ஸ் காலேஜ் நடக்குது. அரசு வேலைன்னா அங்கன்வாடி. தமிழ்நாட்டில் 54,000-க்கும் மேல் அங்கன்வாடி மையங்கள். பணியாளருக்கு இப்போ பிளஸ் டூ கேட்கிறாங்க. 2020 தேசியக் கல்விக் கொள்கை, பிளஸ் டூ முடித்த அங்கன்வாடிப் பணியாளருக்கு ஆறு மாச சர்டிஃபிகேட், அதுக்குக் கீழே படித்தவங்களுக்கு ஒரு வருஷ டிப்ளமோன்னு சொல்லியிருக்கு. வேலையை விடாமலே படிக்கலாம். அந்தக் கொள்கையின் மத்த விஷயங்களில் ஆயிரம் சண்டை இருக்கட்டும், இந்த ஒரு வரியில் எனக்குச் சண்டை இல்லை.

ஏன்னா, இந்த விவகாரத்தில் எனக்கு ஒரு பயம் உண்டு. 'டே கேரில் டிகிரி படிச்சவங்கதான் இருக்கணும்'னு நாளைக்கே ஒரு உத்தரவு போட்டா முதல்ல வெளியே போறது யாரு? என் ஆயாம்மாதான். எட்டாவது படிச்சவங்க, திராட்சையை நாலா நறுக்கத் தெரிஞ்சவங்க. உள்ளே வர்றது யாரு? இங்கிலீஷ் ரைம்ஸ் தெரிஞ்ச நான்! அதனால டிகிரி வேற, பயிற்சி வேற. ஏற்கெனவே அந்த வேலையில் இருக்கிறவங்களுக்குத்தான் முதல் பயிற்சி போகணும், அதுவும் சம்பளத்தோட.

சம்பளம்னதும் வாயை அடைச்சுக்க முடியலை. வேலைக்குப் போகும் தாய்மார்களின் குழந்தைகளுக்குன்னு தேசியக் காப்பகத் திட்டம் ஒண்ணு இருந்தது, 2022-க்குப் பிறகு 'பால்னா'ன்னு பேர் மாறினது. அதன் 2017 விதிகளைப் பாருங்க. பணியாளர் பிளஸ் டூ, உதவியாளர் பத்தாவது. 25 குழந்தைகள். மாசத்துக்கு 26 நாள், நாளுக்கு ஏழரை மணி நேரம். மாச மதிப்பூதியம்? பணியாளருக்கு 3,000 ரூபாய், உதவியாளருக்கு 1,500. அதையும் 1,000-லிருந்து 'உயர்த்தி'க் கொடுத்தாங்க. 26 நாளால் வகுத்துப் பார்த்தா உதவியாளருக்கு நாள் கூலி 58 ரூபாய்க்குக் கீழே. கேன்டீனில் ஒரு ப்ளேட் ஃப்ரைடு ரைஸ் என்ன விலை? தகுதியைப் பத்தி வாய் கிழியப் பேசுறவங்க இந்தப் பக்கம் வந்ததும் 'சேவை மனப்பான்மை'ன்னு ஆரம்பிச்சுடறாங்க. ஹாஸ்டல் ஃப்ரெண்ட்ஸ் சிரிச்சது படிப்பைப் பார்த்து இல்லை, இந்தத் தொகையைப் பார்த்துத்தான்னு எனக்கு ஒரு சந்தேகம்.

இனி தோழிக்கு. டே கேர் ஆரம்பிங்க. ஆனா டிகிரி வாங்கின மறுநாளே இல்லை. ரெண்டு வருஷமாவது ஒரு நல்ல இடத்தில் கைக்குழந்தைகளோட வேலை பாருங்க. சும்மா ஒரு மாசம் உங்க ஊர் அங்கன்வாடியில் போய் உட்காருங்க, அந்த டீச்சரம்மா சொல்லித் தர்றது எந்த டெக்ஸ்ட் புக்கிலும் இருக்காது. ஆள் எடுக்கும்போது போலீஸ் சரிபார்ப்பு பண்ணுங்க, எவ்வளவு தெரிஞ்சவங்களா இருந்தாலும். குழந்தைகள் மேல் பாலியல் குற்றம் நடந்தது தெரிஞ்சும் புகார் செய்யாம இருக்கிறதே 2012 போக்சோ சட்டப்படி குற்றம், அதையும் உங்க ஆயாம்மாவரைக்கும் சொல்லி வைங்க. எல்லாத்துக்கும் மேல, அவங்களுக்கு உங்களைவிட நூறு ரூபாய் குறைச்சுக் கொடுக்காதீங்க. அப்பாகிட்ட, குழந்தைகள் எண்ணிக்கை, வாடகை, ரெண்டு பேர் சம்பளம் எல்லாம் போட்ட ஒரு கணக்குத் தாளைக் காட்டுங்க. அப்பாக்களுக்குக் கனவைவிடக் கணக்கு சீக்கிரம் புரியும்.

மத்தவங்களுக்கு... ஹோம் சயின்ஸ் படிக்காத, டே கேர் பக்கமே போகப்போறதில்லைன்னு நினைக்கிற பசங்களுக்கும்தான். அக்கா குழந்தையை எங்கேயாவது சேர்க்கணும்னு வீட்டில் பேச்சு வந்தா, கூடப் போங்க. ஏ.சி.யைப் பார்க்காதீங்க. எத்தனை குழந்தை, எத்தனை பேர் பார்த்துக்கிறாங்கன்னு எண்ணுங்க. 'இங்கே முதலுதவி தெரிஞ்சவங்க யாரு?'ன்னு கேட்டுட்டு, யார் முகத்தை யார் பார்க்கிறாங்கன்னு கவனிங்க. கேம்பஸ் இன்டர்வியூவில் கடைசியா 'எனி கொஸ்டின்ஸ்?'ம்பாங்களே, அப்போ 'உங்க காப்பகத்தில் இருக்கிறவங்க என்ன பயிற்சி எடுத்திருக்காங்க?'ன்னு ஒரு பையன் கேட்டுப் பாருங்களேன். ஹெச்.ஆர். தண்ணி குடிப்பார்!

உங்க காலேஜிலேயே யூத் ரெட் கிராஸ் இருக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை ரத்த தான முகாமில் ஜூஸ் குடிக்கிறதோட நம்ம உறவு முடிஞ்சுடுது. அந்த ஒருங்கிணைப்பாளர் சாரையோ மேடத்தையோ பிடிச்சு, ஒரு சனிக்கிழமை கைக்குழந்தை முதலுதவிக்கு ஏற்பாடு பண்ணச் சொல்லுங்க. செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ்காரங்களும் பயிற்சி நடத்துறாங்க, கண்டக்டர்கள் சான்றிதழ் வாங்குறதே அங்கேதான்.

கோவைத் தோழி, உங்க ஹாஸ்டல் கோஷ்டிகிட்ட இந்த வாரம் நைட் மெஸ்ஸில் ஒரு கேள்வி கேளுங்க. ஒன்பது மாசக் குழந்தை, வாயைத் திறந்துக்கிட்டு சத்தமே இல்லாம உங்களைப் பார்க்குது. நீங்க முதல்ல என்ன செய்வீங்க? அவங்க என்ன பதில் சொன்னாங்கன்னு மறக்காம எழுதுங்க. அடுத்த வாரம் பார்ப்போம்!